இருபதா, பத்தொன்பதா?

நேற்றைய பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்கள் தப்பித்தீர்கள், அப்படியே ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடுங்கள்.

நான் போட்டது மொத்தமே நாலு வரி. போர்ட்டல் என்கிற புதிர் கேமை வைத்து இயக்குநர் டான் ட்ராக்டன்பெர்க் 2011-இல் எடுத்த ஃபேன் ஃபிலிமை (ரசிகர் எடுக்கிற குறும்படம்) மறுபடி பார்த்தேன், ஏழு நிமிடம்தான், அதில் வரும் பெண்ணைக் காப்பாற்றக் கடைசிவரை ஒருத்தனும் வராதது இப்பவும் பிடித்திருக்கிறது என்று எழுதினேன். ஆண்கள் ஒழிக என்று எழுதவில்லை. முதல் கமெண்ட்: "மேடம் கேம் விளையாடியிருக்கீங்களா, இல்ல வீடியோ மட்டும்தானா?" அடுத்ததும் அதே ஆள்: "மொத்தம் எத்தனை டெஸ்ட் சேம்பர், சொல்லுங்க பார்ப்போம்." கேமில் ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டிய புதிர் அறைகளைத்தான் கேட்கிறார்.

இருபது என்றேன். "பத்தொன்பது. கூகுள்கூட பண்ணத் தெரியல." கீழே 43 ஹாஹா.

ஐயா, முதல் அறைச் சுவரில் 00 என்று போட்டிருக்கும். 00 முதல் 19 வரை விரல் விட்டு எண்ணுங்கள், கால் விரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ரொஃபைலில் சீனியர் ஆர்க்கிடெக்ட் என்று வேறு இருக்கிறது. புரோகிராமில் அரே, அதாவது வரிசைப் பட்டியல், ஒன்றில் அல்ல, பூஜ்யத்தில் தொடங்கும் என்று ஃப்ரெஷர்களுக்கு வகுப்பெடுக்கிற மனிதர்.

சரி, ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: பரீட்சை எதற்கு? இதே படத்தைப் போன மாதம் ஒரு தம்பி "செம மேக்கிங்" என்று போட்டு ஷேர் பண்ணினார், நம் ஆட்கள் எல்லாரும் போய் ஹார்ட் போட்டார்கள். அவரிடம் யாரும் சேம்பர் கணக்கு கேட்கவில்லை. நான் தப்பாகவே எண்ணியிருந்தாலும் என்ன? எண்ணத் தெரியாதவள் ஒரு படத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூடாதா?

எனக்கு ஏன் அந்தப் படம் பிடிக்கும் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 2008, மதுரை, சென்னையில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ரிச்சி தெருவிலிருந்து கொண்டுவந்த டிவிடி. ஆமாம், திருட்டு டிவிடிதான், பின்னாடி ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பாவத்தைக் கழுவியாச்சு. அண்ணன் தூங்கின பிறகு நான் உட்கார்ந்தேன். போர்ட்டல் என்றால் சுவரில் துப்பாக்கியால் போடுகிற வாசல், ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றில் வெளியே வரலாம். நீலம் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, இரண்டையும் கோணம் பார்த்துப் போட்டால் அந்தப் பக்கம் ஒரு ஆள் தெரியும். தெரிந்தது. யாரோ ஒரு பெண், ஆரஞ்சு உடுப்பு, கையில் துப்பாக்கி. எதிரி என்று நினைத்துப் பின்னால் நகர்ந்தேன், அவளும் நகர்ந்தாள். அது நான்தான் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அதுவரை நான் விளையாடின எதிலும் அப்படி நடந்ததில்லை. 17-ஆம் சேம்பரில், அதுவரை துணையாகக் கூடவே தூக்கி வந்த க்யூபை, அந்தப் பெட்டியை, நெருப்பில் போடச் சொல்லும்போது கரண்ட் போய் யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது, நான் போட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் எத்தனை சேம்பர் என்ற கேள்விக்கு விடையாகாது, தெரியும்.

"அந்த கேமே ஆண்கள் உங்களுக்குப் போட்ட பிச்சை" என்று ஒரு புண்ணியவான். அதை உருவாக்கின குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கிம் ஸ்விஃப்ட். டிஜிபென் என்கிற கல்லூரியில் படிக்கும்போது அவரும் நண்பர்களும் செய்த நார்பகுலர் ட்ராப் என்ற கேமைப் பார்த்துத்தான் போர்ட்டலை வெளியிட்ட வால்வ் கம்பெனி மொத்தக் குழுவையும் வேலைக்கு எடுத்தது. அவரையும் கூப்பிட்டு எத்தனை சேம்பர் என்று கேளுங்கள்.

"ட்ரோல் எல்லாருக்கும் நடக்கும்." நடக்கும். புதுப் பையன்களையும் இப்படிக் கலாய்க்கிறீர்கள், பார்த்திருக்கிறேன். முதல் தடவை என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

"கேமுக்குள்ள எதுக்கு அரசியல்?" நானா கொண்டுவந்தேன்? 1986-இல் வந்த மெட்ராய்ட் கேமில் கவசத்துக்குள் இருப்பது பெண் என்பது முடிவில்தான் தெரியும், மேனுவலிலேயே அவன் என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் அவள் பிகினியில் வந்து நிற்பாள், அது பரிசு. 2014-இல் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி கேமில் பெண்ணாக விளையாட ஏன் வழியில்லை என்று கேட்டதற்கு, அனிமேஷன் வேலை இரட்டிப்பாகும் என்றது அதைத் தயாரித்த யூபிசாஃப்ட். அதே வரிசையின் மூன்றாம் கேமில் வேலை பார்த்த ஓர் அனிமேட்டர், இது ஒன்றிரண்டு நாள் வேலை என்று ட்வீட் போட்டார். எஸ்டிமேட்டை ஊதிப் பெருக்குவது நம்ம ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஒரு கமெண்டுக்கு கேமர்கேட் ரேஞ்சுக்கு அழுறாங்க." கேமர்கேட் என்பது 2014-இல் கேம் உலகப் பெண்களைக் குறிவைத்து ஆன்லைனில் நடந்த கூட்டுத் தாக்குதல். இல்லை. அதே 2014-இல் கொலை மிரட்டலால் யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேச இருந்த கூட்டத்தையே ரத்து செய்தார் கேம்களில் பெண்களைக் காட்டும் விதத்தை விமர்சித்த அனிதா சர்க்கீசியன். அதோடு இதை ஒப்பிட எனக்கே கூச்சமாக இருக்கும். எனக்கு நடந்தது சின்ன விஷயம். சின்ன விஷயம் என்பதால்தான் பதினோரு வருஷமாக வெளியே சொல்லவே முடியவில்லை.

முன்னால் இருந்த கம்பெனியில் ஒரு கிளையண்ட் கால். நான் எழுதின கோட். கேள்வியைப் பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டார்கள், அவன் ப்ராஜெக்டில் சேர்ந்து ஒன்பது நாள். அவன் என்னைப் பார்த்தான். நான் மியூட்டை எடுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை, விடையை நோட்டில் எழுதி அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் வாசித்தான், ஒரு வார்த்தையில் திக்கினான், நான் அடிக்கோடு போட்டுக் காட்டினேன். "கிரேட் எக்ஸ்ப்ளனேஷன்" என்றார்கள் அவனிடம். கால் முடிந்து கேன்டீனில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல பையன் என்றுதான் நினைத்தேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேனா, தெரியவில்லை.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு ஸ்டீமைத் திறந்து நான் போர்ட்டலில் எத்தனை மணி நேரம் செலவழித்திருக்கிறேன் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த கமெண்டுக்குக் கீழே போட்டேன். பரீட்சை எதற்கு என்று இவ்வளவு நீளமாகக் கேட்கிறவள்தான் ஹால் டிக்கெட்டோடு போய் நின்றிருக்கிறேன். நாற்பது வயசை நெருங்குகிற எனக்கு இது தேவையா?

அப்புறம் அந்த 43 ஹாஹாவையும் பெயர் பெயராகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கிளையண்ட் காலில் என் விடையை வாசித்த அந்தப் பையன் இருந்தான். இப்போது டெக் லீட்.

காலையில் இன்பாக்ஸில் அவனிடமிருந்து மெசேஜ், "அக்கா சும்மா ஃபன்னுக்கு, தப்பா எடுத்துக்காதீங்க." பார்த்துவிட்டேன் என்று அவனுக்குக் காட்டும். இன்னும் பதில் போடவில்லை.