லீடர் எழுதும் பெயர்ப் பட்டியல் இனி வேண்டாம்

ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில் லீடர் சாக்பீஸுடன் எழுந்து நின்று பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும், அதன் பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவதும் நாம் படித்த காலத்திலேயே இருந்தது; நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை பல பள்ளிகளில் இன்றும் இருக்கிறது. வகுப்பறை மேலாண்மை குறித்த பயிற்சிகளில் எதை எதையோ பேசுகிறோம், இந்தப் பட்டியலை மட்டும் யாரும் தொடுவதில்லை. இதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது ஓர் ஆசிரியராக என் உறுதியான கருத்து.

பட்டியலில் பேச்சுக்கும் பேச்சுக்கும் வேறுபாடு கிடையாது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், முந்தைய நாள் விடுப்பில் இருந்த பக்கத்துப் பையனுக்குக் காரணிப்படுத்தும் கணக்கைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே நுழைந்தபோது அவன் பெயருக்கு நேரே வரிசையாகப் பெருக்கல் குறிகள். "சாறே, நான் கணக்குதான் சொல்லிக் குடுத்தேன்" என்றான். கடைசி பெஞ்சில் காகித அம்பு விட்டுக்கொண்டிருந்தவர்கள் லீடரின் கூட்டாளிகள். அவர்கள் பெயர் பலகையில் இல்லை. இதற்காக லீடரைக் குறை சொல்ல முடியாது. மாலையில் அவர்களோடு அதே பேருந்தில் ஏறி அதே ஊருக்குப் போக வேண்டிய பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் தீர்ப்புச் சொல்லும் வேலையை ஒப்படைத்தவர்கள் நாம்தான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டுமன்றி, பிள்ளைகளுக்கு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெயர் எழுதுவது அதில் அடங்குமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பிரம்பை எடுக்க முடியாத இடத்தில் இந்தப் பட்டியல் வசதியாக வந்து உட்கார்ந்துகொண்டது என்பதே என் கவலை.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் (Jacob Kounin) வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவுகள் இந்த இடத்தில் உதவும். குறும்பு நடந்த பிறகு கண்டிக்கும் முறையில் திறமையான ஆசிரியருக்கும் தடுமாறும் ஆசிரியருக்கும் பெரிய வேறுபாட்டை அவர் காணவில்லை. குறும்புக்கு இடம் கொடாமல் முன்கூட்டியே செய்பவற்றில்தான் வேறுபாடு இருந்தது. வகுப்பின் எல்லா மூலையிலும் கண் வைத்திருப்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தொய்வின்றிக் கொண்டுசெல்வது போன்றவை அவை. பட்டியலோ நடந்து முடிந்ததைப் பதிவு செய்வதோடு நின்றுவிடுகிறது.

நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நான் ஒரு பாடவேளை முடிந்து கிளம்பும்போதே மறுநாளைக்கான சிறு வேலையை லீடரின் குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நான் வந்துசேர்வதற்கு முன் அது பலகையில் ஏறிவிடும். இருவர் சேர்ந்து செய்யும் வேலையாக இருந்தால் பேசித்தான் ஆக வேண்டும், ஆகவே பேச்சு குற்றமாவதில்லை. உள்ளே வந்ததும் மேசைக்குப் போகாமல் முதலில் பெஞ்சுகளுக்கு இடையே ஒரு சுற்று நடக்கிறேன். "மக்களே, எங்கே நிக்குது?" என்று கேட்டால், வேலையைத் தொடாதவன் யார் என்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.

மழைக்காலம் நம் மாவட்டத்துக்கே உரிய சோதனை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்குக் கிடைப்பதால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வகுப்புகளில் ஆசிரியர் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாத நாள்கள் ஆண்டில் இரு பருவங்களிலும் வரும். பட்டியல் நீளமாவதும் அந்த நாள்களில்தான். கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதைவிட, வரைபடப் பயிற்சி, அகராதி தேடுதல் போன்ற எழுத்து வேலைகளை மழைக்கென்றே தனியாக எடுத்து வைத்திருப்பது நல்லது.

லீடர் பதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறிப்பேடுகளைச் சேகரிக்கட்டும், வராதவர்களுக்குப் பாடத்தைத் தெரிவிக்கட்டும். அந்தப் பொறுப்பும் மாதந்தோறும் மாறட்டும், பின் பெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு முறை வரட்டும்.

"ஆசிரியர் விடுப்பில் இருந்தால் என்ன செய்வது?" என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அந்தப் பாடவேளைக்கு மாற்று ஆசிரியரை அனுப்புவது தலைமையாசிரியர் பார்க்க வேண்டிய வேலை. அதை லீடரின் தலையில் கட்டக் கூடாது.