எல்லாவற்றையும் செல்போன் என்றே நினைக்கும் பவர் பேங்க்

இரண்டரை மணி நேர உழைப்பு. ஒரே நொடியில் போச்சு.

கமடோர் 64-ஐ பேட்டரியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வயிறு எரியும் இந்த விஷயம் புரியும். 1982-ல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர். 5 வோல்ட் டிசியும் வேண்டும், கூடவே 9 வோல்ட் ஏசியும் வேண்டும். அதனுடன் வந்த பழைய அடாப்டரை நம்ப முடியாது. உள்ளே வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் செத்தால் 5 வோல்ட் எகிறிப்போய் ராம் சிப்புகளைப் பொசுக்கிவிடும். அதற்குப் பயந்துதான் பவர் பேங்குக்கு வந்தேன். டைப்-சி வாயிலிருந்து 15 வோல்ட் எடுத்து, ஒரு சின்ன போர்டில் 5 வோல்டாக இறக்கி, 9 வோல்ட் ஏசியையும் அங்கேயே உண்டாக்கி... சரி, அந்தப் பாட்டை விடுங்கள். ஓடியது. அழகாகவே ஓடியது.

நேற்று ராத்திரி அதன் புரோகிராம் மொழியான பேசிக்கில் ஒரு புரோகிராமை அடித்துக்கொண்டிருந்தேன். 200 வரிக்கு மேல் ஆகிவிட்டது. கடைசிப் பகுதி முழுக்க டேட்டா வரிகள், வெறும் எண்கள். ஒரு எண் தப்பினாலும் மெஷின் அப்படியே உறைந்துவிடும். 169, 0, 141, 32, 208 என்று விரலை வைத்து வைத்து அடிக்கிறேன். திரையின் ஓரத்தைக் கறுப்பாக்கும் கட்டளை அது. 208-ல் 8-ஐ அழுத்துகிறேன், ஓரம் மட்டும் இல்லை, மொத்தத் திரையும் கறுத்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் தம்பி, கையில் சார்ஜர் ஒயருடன். "அண்ணா, ரெண்டு சதவீதம்தான் இருந்தது, பக்கத்து ஓட்டையிலதானே குத்தினேன்?"

அவன் மேல் தப்பே இல்லை. பக்கத்து ஓட்டை சும்மாதான் இருந்தது. ஆனால் இரண்டாவதாக ஒன்றைச் செருகியதும் இந்தப் பவர் பேங்க் எல்லா ஓட்டைகளையும் ஒரு கணம் அணைத்துவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று மறுபடி பங்கு பிரிக்கிறது! செல்போனுக்கு அது உறைக்காது, அதற்குள் சொந்த பேட்டரி இருக்கிறது. கமடோருக்குள் என்ன இருக்கிறது? மின்சாரம் போனால் மறந்துவிடும் 64 கேபி ராம், அவ்வளவுதான். புதிதாக ஆன் செய்ததுபோல் வெறும் நீலத் திரை திரும்பி வந்தது. '38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ. ரெடி.' அந்த 'ரெடி'யைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவில் கேசட் டேப்பில் சேமித்திருக்கலாமே என்று யாரும் வராதீர்கள். அந்த டேப் ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதும். நீளமான புரோகிராம் என்றால் நிமிடக் கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பத்து வரிக்கு ஒரு முறை யார் செய்வார்கள்? அதுவும் பேட்டரி என்றால் கரண்ட் கட் ஆகாது என்ற தைரியம் வேறு இருந்தது.

பெட்டி மேல் இதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? இல்லை. 20000 எம்ஏஹெச் என்று மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதுகூட உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 5 வோல்டில் பார்த்தால் 14800 தான், மாற்றும்போது வீணாவதைக் கழித்தால் அதுவும் இல்லை. மொத்த சக்தி 74 வாட் அவர் என்று நேர்மையாகப் பெரிதாகப் போட்டால் என்ன கெட்டுவிடும்? அதைப் பொடி எழுத்தில் அடியில் அச்சடிக்கிறார்கள்.

அப்புறம் அந்த விளக்குகள்! நாலு நீல விளக்கு, இருட்டில் கண்ணைக் குத்துகிற மாதிரி. தூங்கும் அறையில் வைக்கிற பொருளுக்கு யார் இவ்வளவு வெளிச்சம் கேட்டார்கள்? கறுப்பு டேப் ஒட்டினேன். அதையும் தாண்டித் தெரிகிறது.