அடிவார வெயிலை வைத்து உச்சியைக் கணக்குப் போட வேண்டாம்

"சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடிவார ஊரில் 20 டிகிரி, நல்ல வெயில், மேலேயும் அதேதான் இருக்கும், டீஷர்ட் போதும்" என்று வார இறுதியில் மலையேறப் போகிறவர்களுக்கு ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பிப் போனால் ஆபத்து.

உயரம் ஏற ஏற, சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தைவிட 1,500 மீட்டர் உயர்ந்த உச்சியில் 10 டிகிரிதான் எதிர்பார்க்கலாம். முகட்டில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் (கோடையிலும் இது நடக்கும்) உடம்புக்கு அது 6 டிகிரி போலத் தெரியும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு நின்றால் இன்னும் மோசம்.

"காலையில் வானம் தெளிவாக இருந்தால் போதும்" என்பதும் சரியில்லை. அந்தக் காலை வெயில்தான் சரிவுகளைச் சூடாக்கி, ஈரக்காற்றை மேலே கிளப்பி, மதியத்துக்கு மேல் இடிமேகமாகத் திரள வைக்கிறது. விடியலில் கிளம்பி, மதியத்துக்குள் முகட்டை விட்டு இறங்கச் சொல்வது இதனால்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிகூட இல்லையென்றால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது "உச்சி இதோ பக்கத்தில்தானே" என்று ஏறாதீர்கள். தனி மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள்.

செயலியில் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்ப்பதைவிட, ஏறப்போகும் உயரத்துக்கான முன்னறிவிப்பைத் தேடுங்கள். அதில் வெப்பநிலையைவிடக் காற்றின் வேகத்தை முதலில் பாருங்கள். டீஷர்ட் போடுங்கள், பரவாயில்லை. அப்புறம் பையில் ஒரு மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் இருக்கட்டும்.