கிணறு தம்பிக்கு, வாய்க்கால் அண்ணனுக்கு

2023 ஏப்ரல் 15 அன்று சூடான் தலைநகர் கார்ட்டூமில் சண்டை வெடித்தபோது நம் தொலைக்காட்சிகள் சில நாட்கள் சூடானைப் பற்றியே பேசின. அங்கே நம்மவர்கள் சிக்கியிருந்தார்கள். 'ஆபரேஷன் காவேரி' என்று பெயர் வைத்து, போர்ட் சூடானிலிருந்து ஜெட்டா வழியாகச் சுமார் 3,800 பேரை அழைத்து வந்தார்கள். நல்ல காரியம். கடைசி விமானம் தரையிறங்கியதும் சூடானும் நம் செய்திகளிலிருந்து இறங்கிவிட்டது.

போன வாரம் ஒரு நண்பரிடம் இதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். "அது இரண்டு தளபதிகளுக்குள் நடக்கிற உள்நாட்டுப் போர்தானே, அக்கம்பக்கத்துக்கு அதில் என்ன?" என்று கேட்டார். ராணுவத் தளபதி புர்ஹானுக்கும் துரித ஆதரவுப் படை என்ற துணைப்படையின் தலைவர் ஹெமெட்டிக்கும் நடக்கும் சண்டை என்பது சரிதான். 'உள்நாட்டுப் போர்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. அந்தச் சொல்லைக் கேட்டால், நான்கு சுவருக்குள் நடக்கும் குடும்பச் சண்டை, கதவைச் சாத்திவிட்டால் தெருவுக்குத் தெரியாது என்பதுபோல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது.

முதலில் தென் சூடானைப் பாருங்கள். 2011 ஜூலை 9 அன்று சூடானிலிருந்து பிரிந்து தனிநாடானது. பாகப்பிரிவினையில் எண்ணெய்க் கிணறுகளில் முக்கால் பங்கு தம்பிக்கு வந்தது. ஆனால் அந்த எண்ணெய் கடலைச் சேர வேண்டிய வாய்க்காலில் பெரும்பகுதி அண்ணன் நிலத்தில் ஓடுகிறது. கிணறு ஒருவனுக்கும் வாய்க்கால் இன்னொருவனுக்கும் போனால் என்ன ஆகும் என்று நம் கிராமத்துக் கோர்ட்டு வழக்குகளைப் பார்த்த எவருக்கும் தெரியும். 2012லேயே குழாய்க் கூலித் தகராறில் தென் சூடானின் தலைநகர் ஜூபாவில் இருக்கும் அரசு கோபித்துக்கொண்டு எண்ணெய் எடுப்பதையே நிறுத்தியது. அது தானாகப் போட்டுக்கொண்ட பட்டினி. 2024இல் வந்தது அப்படியல்ல.

தென் சூடானின் பலோச் எண்ணெய் வயல்களிலிருந்து செங்கடல் கரைக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் குழாய். அந்த எண்ணெயில் மெழுகுத்தன்மை அதிகம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்குமே, அதுபோலச் சூடு குறைந்தால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். வழிநெடுகச் சூடாக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். போர்க்களத்தின் நடுவே இருந்த பம்ப் நிலையங்களுக்கு டீசல் போய்ச் சேரவில்லை. எண்ணெய் உறைந்தது, 2024 பிப்ரவரியில் குழாய் உடைந்தது. யாரும் தென் சூடான்மீது குண்டு போடவில்லை. ஆனாலும் அந்நாட்டு எண்ணெய் ஏற்றுமதியில் பெரும்பகுதி கிட்டத்தட்ட ஓராண்டு நின்றுபோனது. அரசின் வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலிருந்து வரும் நாடு அது.

ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் போலீசுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. நாணயத்தின் மதிப்பு பாதிக்கும் கீழே போனது. சம்பளம் வராத ஆசிரியர் வேறு பிழைப்புத் தேடுவார் அல்லது பள்ளிக்கு வருவதை நிறுத்துவார். சம்பளம் வராத சிப்பாயின் கையில் துப்பாக்கி இருக்கிறது; அவர் சாலையில் கயிற்றைக் கட்டி லாரிகளை மறிக்கிறார். பொருளாதாரத்துக்கு ஒரு பத்தி, பாதுகாப்புக்கு ஒரு பத்தி என்று நிபுணர்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் லாரிக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தென் சூடானின் எல்லாச் சீரழிவுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவரவில்லை. எண்ணெய்ப் பணத்தை ஆட்சியாளர்கள் தின்று ஏப்பம் விட்டது பழைய கதை. ஆனால் அந்தக் கொஞ்சநஞ்சத்தையும் போர் பறித்துக்கொண்டபோதுதான் வடக்கிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வந்தார்கள். பெரும்பாலோர் முன்பு சூடானுக்குப் பிழைக்கப் போன தென் சூடானியர்களே. எல்லையோர ரெங்க் நகரில் வந்திறங்கிய கூட்டத்துக்கு நல்ல தண்ணீரும் இல்லை, கழிப்பிடமும் இல்லை. 2024 அக்டோபரில் அங்கே காலரா பரவியிருப்பதாக அறிவித்தார்கள். பிறகு அது நாடு முழுவதும் போனது.

சமூகம் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜனவரி சாட்சி. சூடானின் வாத் மதானி நகரை ராணுவம் மீட்ட பிறகு, அங்கே தென் சூடானியர்கள் கொல்லப்படும் காட்சிகள் கைபேசிகளில் பரவின. ஜூபாவில் கும்பல் திரண்டு சூடானியர்களின் கடைகளைச் சூறையாடியது. 16 சூடானியர்கள் கொல்லப்பட்டார்கள். நேற்றுவரை சர்க்கரையும் மாவும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் ஒரே இரவில் எதிரியானார். அரசு ஊரடங்கு போட்டது, சமூக ஊடகங்களையும் முடக்கியது, சில நாட்களில் திறந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் ஜூபா அரசால் வடக்கில் எந்தத் தரப்பையும் பகைத்துக்கொள்ள முடியாது. எண்ணெய் கடந்துபோகும் கூலி புர்ஹானின் ராணுவ அரசுக்குப் போகிறது. குழாய் ஓடும் நிலத்தில் ஒரு பகுதியோ எதிர்த்தரப்பான துரித ஆதரவுப் படையின் பிடியில் இருந்தது. வாய்க்கால் யார் கைக்குப் போகிறதோ அவர்களையும் கும்பிட வேண்டும், பழைய சொந்தக்காரரையும் கும்பிட வேண்டும்.

இனி மேற்கே சாட். உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று. சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரின் எல் ஜெனீனா நகரில் 2023இல் துரித ஆதரவுப் படையும் அதன் கூட்டாளிகளும் மசாலித் இன மக்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். தப்பியவர்கள் சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி சாட்டின் அட்ரே என்ற சிற்றூருக்கு ஓடிவந்தார்கள். ஏறக்குறைய 40,000 பேர் வாழ்ந்த ஊரில் இரண்டு லட்சம் அகதிகள். மசாலித் மக்கள் எல்லையின் இருபுறமும் வாழ்பவர்கள் என்பதால் வந்தவர்களில் பலர் உறவுக்காரர்கள். முதலில் உணவையும் தண்ணீரையும் பங்குபோட்டுக் கொடுத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான், நிவாரண அமைப்புகள் பின்னால் வந்தன. நாடு முழுவதற்குமாக எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2003இல் தொடங்கிய டார்ஃபூர் போருக்குப் பிறகு வந்து திரும்பிப் போகாத நான்கு லட்சம் பேர் ஏற்கெனவே இருந்தார்கள். கிழக்குச் சாட்டின் சந்தைகளுக்குச் சரக்கு சூடானிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் விலை ஏறியது. சுமை வந்த நேரத்தில் சந்தையும் படுத்தது. 2025இல் அமெரிக்கா உதவியை வெட்டியதும் அதே காலத்தில்தான்.

அதே சாட்டில் வேறொரு எல்லையோர ஊர், அம்ஜரஸ். அங்குள்ள விமானத் தளத்தின் வழியாக ஐக்கிய அரபு அமீரகம் துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. அமீரகம் மறுக்கிறது; அது மருத்துவ உதவி என்கிறது. 2023 ஜூனில் சாட் அரசுக்கு அமீரகத்திலிருந்து 150 கோடி டாலர் கடன் உறுதியானது. இரண்டையும் முடிச்சுப்போடுவதோ விடுவதோ உங்கள் விருப்பம். நான் முடிச்சுப்போடுகிறேன். எனக்குக் கோபமே இங்கேதான். 'அண்டை நாடு பாதிக்கப்பட்டது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். எந்த அண்டை நாடு? அட்ரேயில் தண்ணீரைப் பங்குபோட்டவளா, தலைநகரில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரா? சாட் அதிபரின் ஸகாவா இனத்தார் எல்லைக்கு அந்தப் பக்கம் அதே துரித ஆதரவுப் படையோடு மோதிக்கொண்டிருந்தார்கள். சொந்தப் படையிலேயே முணுமுணுப்பு எழும் என்று தெரிந்தும் எடுத்த முடிவு அது.

எகிப்தைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போனார்கள். பெண்களும் குழந்தைகளும் விசா இல்லாமல் வரலாம் என்றிருந்ததை 2023 ஜூனிலேயே மாற்றினார்கள். விசா கிடைக்காதவர்கள் கடத்தல்காரர்களின் வண்டியில் பாலைவனம் கடந்தார்கள். கெய்ரோவில் வாடகை ஏறியதற்குச் சூடானியர்களைத் திட்டினார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

விசா கேட்காத ஒரு பயணி உண்டு. அது 'கம் அரபிக்' என்ற பிசின். நம் நாட்டுமருந்துக் கடைக் கருவேலம்பிசினுக்குப் பங்காளி முறை. உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு சூடான் மரங்களில் வடிவது. நாம் குடிக்கும் கோலாவில் எண்ணெயும் சர்க்கரைப்பாகும் பிரியாமல் இருக்க உதவுவது அதுதான். போர் தொடங்கிய பிறகும் அந்தப் பாட்டில்கள் கடையில் தீர்ந்துபோகவில்லை. பக்கத்து நாடுகள் வழியாகக் கள்ளத்தனமாக வந்து, வேறு நாட்டுச் சரக்காகிக் கப்பல் ஏறுகிறது.

இதையெல்லாம் அந்த நண்பரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி, இதனால் நமக்குப் பெட்ரோல் விலை ஏறுமா?" என்றார்.

ஏறாது என்றேன். ஐபிஎல் பக்கம் போய்விட்டார்.