மைசூரைப் பார்த்தவர்கள் பத்து காஜாவையும் பாருங்கள்

மைசூர் அரண்மனையும் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையும் பார்த்துவிட்டு, நம் மலேசியாவில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருவர் தன் கட்டுரையில் கேட்டிருக்கிறார். நானும் மைசூர் போனேன். ஞாயிறு இரவு ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே நேரத்தில் எரிந்தபோது வாய் பிளந்து நின்றது உண்மைதான்.

ஆனால் நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன், தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். எனக்கு மனதில் நிற்பது அதே மாநிலத்தில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் கெல்லி காசல்தான். ஸ்காட்லாந்து துரை வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் பாதியில் நின்ற மாளிகை. செங்கல்லும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் கப்பலில் வந்தார்கள். இடையில் ஸ்பானிய விஷக்காய்ச்சல் பரவி ஆட்கள் மடிய, மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்றார்கள், துரையும் கட்டிக்கொடுத்தார். அந்தக் கோயில் கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளை உடுப்பில் துரையும் நிற்கிறார்! மாளிகைக்கு வருகிற பஸ்கள் பாதியும் அந்தக் கோயில் பக்கம் போவதில்லை. பேய், சுரங்கப்பாதை என்று கதை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போகிறவர்கள் காலையிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள், மத்தியானம் மொட்டை மாடியில் நிற்க முடியாது. அப்புறம், முதலில் கோயில், பிறகு மாளிகை. என் பாட்டி அப்படித்தான் கூட்டிப்போனார்.