வாசலில்தான் இறங்க வேண்டுமா?

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போகிறவர்களுக்கு, வாசலிலேயே இறங்கவென்று காரை நிறுத்தி ரோட்டை அடைப்பது புதுக்கதை இல்லை. போன செவ்வாய் பின்னேரம் நடந்து போனேன். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் பாதியை அடைத்தபடி ஒரு வெள்ளைக் கார். இரண்டு பக்க சிக்னலும் மினுங்குகிறது. ஸ்டியரிங்கில் இருந்த தம்பி போனில் கிரிக்கெட் பார்க்கிறார். பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் ஓட்டோக்கள், எல்லாம் சேர்ந்து ஹோர்ன் அடிக்கின்றன.

மெழுகுதிரிக் கட்டோடு ஒரு வயதான அம்மா காருக்கும் லொறிக்கும் இடையால் கடக்கப் பார்த்தார். எங்கிருந்தோ நுழைந்த ஓட்டோ கையை உரச, திரி எல்லாம் தார் ரோட்டில். பொறுக்கிக் கொடுத்தேன். இரண்டு முறிந்துவிட்டன.

கண்ணாடியைத் தட்டி, "தம்பி, கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோவன்" என்றேன்.

"அம்மா நேர்த்திக்கு உள்ள போயிருக்கிறா அங்கிள், ரெண்டே நிமிஷம்."

மரியாதையாகத்தான் சொன்னார். நான் பூசை கண்டு திரும்பும்போதும் அந்த இரண்டு நிமிஷம் முடிந்திருக்கவில்லை.

வாகனம் கூடிவிட்டது, ரோட் சின்னது, சரி. ஆனால் எனக்கு எரிச்சல் வருவது இந்த வாசல் ஆசையில்தான். ஜூன் 13 திருநாளன்று சுருவத்துக்கு (சிலைக்கு) பின்னால் கால் கடுக்க நடப்பவர்களும் இதே ஆட்கள்தானே? மற்ற நாட்களில் காரை நாலு ஒழுங்கை தள்ளி விட்டுவிட்டு வர மட்டும் கால் வலிக்கிறது. காணாமல் போனதைத் தேடித் தரும் அந்தோனியாரிடம் பார்க்கிங்கும் கேட்கிறார்களோ தெரியவில்லை.

கொழும்பின் இன்னொரு பக்கம், வெள்ளவத்தையில் கோயிலுக்குப் பதில் புடவைக் கடை. காலி வீதியில் பஸ் தரிப்பிடத்திலேயே ஒருவர் காரை ஓரம் கட்டுவார். அடுத்து வரும் 101 பஸ் ஓரத்துக்கு வர வழியில்லாமல் இரண்டாவது தடத்தில் நின்று ஆட்களை இறக்கும். இறங்குகிறவரின் காலடியில் மோட்டார் சைக்கிள் பாயும். அதற்குள் கடைக் காவலாளி விசில் ஊதி, நடைபாதையில் ஏற்றி வைத்த இன்னொரு காரைப் பின்னுக்கு எடுக்க வைப்பார். வாடிக்கையாளர் வெளியே வர முழு வீதியும் நிற்க வேண்டும். காவலாளிக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்களோ!

நானும் சுத்தமான ஆள் இல்லை. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மனைவி ரோல்ஸ் வாங்க இறங்க, நான் கடை வாசலிலேயே எஞ்சினை நிறுத்தாமல் இருந்தேன். பின்னால் வந்த பஸ்ஸின் கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "மாத்தயா, இது உங்கட வீட்டு முற்றமா?" என்று சிங்களத்தில் கேட்டார். பஸ் முழுக்கச் சிரிப்பு. வெட்கத்தில் காரை எடுத்து, ஒரு குறுக்கு வீதியால் கடற்கரையோர மரைன் டிரைவுக்கு இறங்கி, நெரிசலில் ஊர்ந்து சுற்றி வந்து பார்த்தால் கடை வாசலில் ஆளைக் காணோம். போன் எடுத்தேன். நடந்தே வீட்டுக்குப் போய், ரோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டும் முடித்திருந்தார்.