செய்து பார்க்காமல் எழுதினால் அது மதிப்புரை இல்லை

வீட்டில் சோப்பு செய்யச் சொல்லிக்கொடுக்கும் ஒரு தமிழ்ப் புத்தகத்தின் கீழே, அதில் ஒரு அளவு தப்பாக அச்சாகியிருக்கிறது என்று நான் போட்ட கமெண்டை நீக்கிவிட்டார்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து இன்பாக்ஸில் வந்து "ஒரு நம்பருக்காகவா இவ்வளவு சண்டை?" என்று கேட்கிற எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத என்னால் முடியவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆமாம், ஒரு நம்பருக்காகத்தான். 1000 கிராம் ஆலிவ் எண்ணெய்க்கு 183 கிராம் காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக மாற்றும், தோலை எரிக்கும் காரம்) என்று அதில் அச்சாகியிருக்கிறது. 183 என்பது தேங்காய் எண்ணெய்க்கான கணக்கு. ஒரு கிலோ ஆலிவ் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 135 கிராம் சோடா போதும். அதிலும் 5 சதவீதம் குறைத்து 128 கிராம் போடுவதுதான் செய்கிறவர்களின் வழக்கம். கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நின்றால் தோல் வறண்டு போகாது, தராசில் சின்னப் பிசகு வந்தாலும் தாங்கும். 183 போட்டால் என்ன ஆகும்? சேருவதற்கு எண்ணெய் கிடைக்காமல் 48 கிராம் சோடா அந்தக் கட்டிகளுக்குள் அப்படியே நிற்கும். அதைத்தான் ஒருவர் ஆசையாக முகத்தில் தேய்க்கப் போகிறார்.

முந்தின பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் சோப்பு. அங்கேயும் 183. ஒரு குறிப்பை நகல் எடுத்து எண்ணெயின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், எண் மாறாமல் தங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

பிழை எல்லாப் புத்தகத்திலும் வரும். எழுதியவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரை சோடா மேல் ஊற்றக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் என்கிறார். பொறுப்பானவர்தான். (அலுமினியப் பாத்திரம் கூடாது என்பதை மட்டும் விட்டுவிட்டார். சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். அதையும் என் கமெண்டில் எழுதியிருந்தேன்.) என் கோபமெல்லாம் இந்தப் புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து "அழகான படங்கள், எளிமையான நடை, ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்" என்று எழுதியவர்கள் மேல்தான். அவர்களில் ஒருவராவது ஒரே ஒரு முறை செய்து பார்த்திருந்தால் இது அன்றைக்கே வெளியே வந்திருக்கும். செய்யக்கூட வேண்டாம், இரண்டு பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருந்தாலே போதும்.

இதைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பதில்: "புத்தக விமர்சனம் புத்தகத்தைப் பற்றியது, சோப்பைப் பற்றியது இல்லை."

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை ராத்திரி தூங்க விடவில்லை. நாவலை வாசித்துவிட்டு எழுதலாம், வாசிப்பதுதான் அதன் வேலை. செய்முறைப் புத்தகத்தின் வேலை வேறு. அது என் கையைப் பிடித்து ஒன்றைச் செய்ய வைக்க வேண்டும். செய்ய வைத்ததா, செய்தது சரியாக வந்ததா என்று பார்க்காதவர் அந்தப் புத்தகத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறார். அட்டையைப் பற்றியும் நடையைப் பற்றியும் எழுதுங்கள், தாராளமாக. ஆனால் அதற்கு மதிப்புரை என்று பெயர் வைக்காதீர்கள்.

இன்னொரு தம்பி வந்து "நாலு வாரம் காய வைத்தால் காரம் இறங்கிவிடும்" என்றார். இறங்காது தம்பி. காய வைக்கும்போது கட்டியிலிருந்து போவது தண்ணீர். சோடாவும் எண்ணெயும் சேருகிற வேலை முதல் ஒன்றிரண்டு நாளிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். எண்ணெயே மிச்சமில்லாத இடத்தில் 48 கிராம் சோடா நாலு வாரமானாலும் எதோடு சேரும்?

சமையல் புத்தகத்துக்கு வருகிறேன். அங்கே இந்தக் கூத்து இன்னும் சாதாரணம். பிரட் குறிப்பு: 3 கப் மாவு, 300 மில்லி தண்ணீர். படிக்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது! ஆனால் கப் என்பது எது? அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி, மெட்ரிக் கப் 250, ஜப்பானில் 200. சரி, கப் ஒன்றேதான் என்றே வைத்துக்கொள்வோம். மாவை ஸ்பூனால் மெதுவாக அள்ளிப்போட்டு மேலே வழித்துவிட்டால் 120 கிராம் நிற்கும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் அமுக்கி எடுத்தால் 150 கிராம். மூன்று கப்புக்கு 360 ஒரு பக்கம், 450 ஒரு பக்கம். 300 கிராம் தண்ணீரை இதில் ஊற்றினால் முதலாமவருக்கு மாவின் எடையில் 83 சதவீதம் தண்ணீர், இரண்டாமவருக்கு 67 சதவீதம். ஒருவர் கையில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வழியும், இன்னொருவர் கையில் பந்து மாதிரி உருளும். ஒரே குறிப்பு, ஒரே பக்கம்! வழிகிற மாவைப் பார்த்துப் பயந்து அவர் இன்னொரு கப் மாவைக் கொட்டுவார், அப்போது உப்பும் ஈஸ்டும் குறைந்துபோகும், பிரட் சப்பென்று இருக்கும். "500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு" என்று எடையில் எழுதியிருந்தால் இந்தச் சங்கடம் எதுவும் இல்லை. உப்பைக்கூட ஸ்பூன் கணக்கில் நம்ப முடியாது. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம், சில வகை செதில் உப்பு அதில் பாதிதான் வரும்.

இதை அடுப்படியில் நின்றவர் மட்டும்தான் எழுத முடியும். நாற்காலியில் உட்கார்ந்து படித்தவருக்கு "3 கப்" என்பதில் எந்தக் குறையும் கண்ணில் படாது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், செய்து பாருங்கள். முதல் தடவை புத்தகத்தில் இருக்கிறபடியே செய்யுங்கள், உங்கள் அனுபவத்தை உள்ளே நுழைக்காதீர்கள். கை தேர்ந்தவர் செய்தால் தப்பான குறிப்பும் நன்றாக வந்துவிடும், ஏனென்றால் அவர் கை தானாகத் திருத்திக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவருக்கு அந்தக் கை இல்லை. அவருக்காகத்தான் அந்தப் புத்தகமே.

"200 குறிப்பு இருக்கிற புத்தகத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியுமா?" நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் யார் செய்யச் சொன்னது? மூன்று போதும். இருப்பதிலேயே எளிதானது ஒன்று, அட்டைப்படத்தில் இருப்பது ஒன்று, கடைசி அத்தியாயத்திலிருந்து கடினமானது ஒன்று. எந்த மூன்றைச் செய்தேன், எங்கே தடுக்கியது என்று எழுதுங்கள். ஒன்றுமே செய்யவில்லையா, "செய்து பார்க்கவில்லை" என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். அந்த நேர்மைக்கு நானே நட்சத்திரம் கொடுப்பேன்.

குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) புத்தகங்களில் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரிதான்: இது பிரிட்டிஷ் பெயர்களா, அமெரிக்கப் பெயர்களா? பிரிட்டிஷ்காரர்களின் டபுள் குரோஷேயைத்தான் அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்க டபுள் வேறு தையல், அதைவிட நன்றாக உயரமானது. அந்த வரி இல்லாத புத்தகத்தைப் பார்த்துப் பின்னினால் தொப்பி காதுக்கு மேலேயே நிற்கும், அல்லது மூக்குவரை இறங்கும். அப்புறம் கேஜ், அதாவது ஒரு அளவுக்குள் எத்தனை தையல் வருகிறது என்ற கணக்கு. 10 சென்டிமீட்டருக்கு 20 தையல் என்று புத்தகம் சொல்கிறது, உங்கள் கை இறுக்கத்துக்கு 22 வருகிறது என்று வையுங்கள். இரண்டுதானே என்று தோன்றும். 200 தையல் போடுகிற ஸ்வெட்டரில் 100 சென்டிமீட்டர் வர வேண்டிய சுற்றளவு 91 ஆகிவிடும், போடவே முடியாது. ஊசியை ஒரு அளவு பெரிதாக மாற்றி மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கச் சொல்லும் புத்தகம் நல்ல புத்தகம். அதைச் சொல்லாமல் நாற்பது வண்ணப் படம் போட்டிருந்தால் அது ஆல்பம்.

இசைப் புத்தகத்தை எப்படிச் செய்து பார்ப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். கீபோர்டு முன்னால் உட்கார்ந்துதான். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா சுயமாகக் கற்க ஒரு புத்தகம் வாங்கினார். சி மேஜர் ஸ்கேலுக்கு (ஒரு சுர வரிசை) வலது கை விரல் எண்கள் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) சரியாக இருந்தன: 1-2-3, கட்டைவிரலை அடியில் நுழைத்து மறுபடி 1-2-3-4-5. அடுத்த பக்கம் எஃப் மேஜர், "இதையும் அதே முறையில் வாசிக்கவும்" என்று ஒரே வரி. அதே முறையில் வாசித்தால் நாலாவது சுரமான பி ஃபிளாட்டில் கட்டைவிரல் போய் விழும். அது கறுப்புக் கட்டை. குட்டையான விரலைக் கறுப்புக் கட்டைக்கு ஏற்றினால் மணிக்கட்டு திரும்பும், கை உள்ளே இடிக்கும், வேகம் வரவே வராது. எஃப் மேஜருக்கு வலது கையில் 1-2-3-4 போன பிறகுதான் கட்டைவிரல் நுழைய வேண்டும், 1-2-3-4-1-2-3-4. ஒரே ஒரு இடம்தான் வித்தியாசம். அந்த அக்கா ஒரு மாதம் அந்த இடத்திலேயே முட்டி நின்றுவிட்டு, "என் விரல் குட்டை, எனக்கு இது வராது" என்று கீபோர்டைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். அவர் விரலில் ஒரு குறையும் இல்லை! அந்த ஒரு வரியில்தான் குறை. அந்தப் புத்தகத்துக்கும் நல்ல மதிப்புரைகள்தான் வந்திருந்தன, அத்தனையும் "ஆரம்ப நிலையினருக்கு ஏற்றது" என்று.

ஆரோக்கியப் புத்தகங்கள் விஷயத்தில் என் வாதத்தையே கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அங்கே செய்து பார்த்தால் மட்டும் போதாது. "பத்து நாள் செய்தேன், உடம்பு லேசாக இருக்கிறது" என்பது எதற்கும் சான்று ஆகாது. பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைத்து மாதக்கணக்கில் சாப்பிடலாம் என்று எழுதுகிறார்கள். செய்து பார்த்தால் வாசனையாக, ருசியாகத்தான் இருக்கும். ஆனால் காற்றுப் புகாத, புளிப்பில்லாத அந்த எண்ணெய்க்குள்தான் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதன் வித்துகள் தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியையே தாங்கும். வீட்டில் செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து நாலு நாளில் தீர்த்துவிட வேண்டும். இதை எழுதாத புத்தகத்தைப் பாராட்டுகிறவருக்கு நாக்கு மட்டும் இருந்து என்ன பயன்?

மூச்சுப் பயிற்சியும் இதே கதைதான். வேகவேகமாக 30 முறை இழுத்து விட்டால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் வருவது அது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால்தான் தலை கிறுகிறுக்கிறது. "சக்தி பாய்கிறது" என்று எழுதிவிட்டு, தண்ணீருக்குள் நின்று செய்யாதே, வண்டி ஓட்டும்போது செய்யாதே, வலிப்பு நோயும் இதய நோயும் உள்ளவர்கள் செய்யாதீர்கள் என்ற மூன்று வரி இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் எவ்வளவு அழகான தமிழில் இருந்தாலும் எனக்கு வேண்டாம். வைட்டமின் டி பற்றி எழுதும் பக்கத்தில் அளவு மைக்ரோகிராமிலா, ஐ.யூ.விலா (வைட்டமின்களை அளக்கும் சர்வதேச அலகு) என்று பாருங்கள். 1 மைக்ரோகிராம் என்றால் 40 ஐ.யூ. மைக்ரோகிராம் என்ற இடத்தில் மில்லிகிராம் என்று அச்சாகிவிட்டால் ஆயிரம் மடங்கு. யார் பார்க்கிறார்கள் இதையெல்லாம்?

"உனக்குப் பொறாமை" என்றும் வந்திருக்கிறது. அதற்குப் பதில் கிடையாது.

"தமிழில் இப்படிப்பட்ட புத்தகங்கள் வருவதே அபூர்வம், தட்டிக்கொடுக்காமல் குத்திக்காட்டலாமா?" என்பதுதான் நேற்று அதிகம் பேர் லைக் போட்ட கமெண்ட். எனக்கு வலித்ததும் இதுதான். அபூர்வம் என்பதால்தானே கவனமாக இருக்கச் சொல்கிறேன்! வேறு மொழியில் ஒரு புத்தகம் தப்பாக இருந்தால் பத்து வேறு புத்தகம் கிடைக்கும். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் சோப்பு செய்ய ஆசைப்பட்டால் அவர் கையில் இருப்பது இந்த ஒன்றுதான். அவர் அந்த 183-ஐ வேறு எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? கை எரிந்தால் எழுதியவரைச் சந்தேகப்பட மாட்டார். "நான்தான் எங்கேயோ தப்பு பண்ணிவிட்டேன்" என்பார். அந்த அக்கா தன் விரலைக் குறை சொன்ன மாதிரி, மாவு வழிந்தவர் தன் கைராசியைக் குறை சொல்கிற மாதிரி. எழுதினவர் தப்பிக்கிறார், மதிப்புரை எழுதினவர் தப்பிக்கிறார், பழியைச் சுமப்பது நம்பி வாங்கியவர்.

என் கமெண்டில் கெட்ட வார்த்தை இல்லை. பக்க எண்ணும் இரண்டு கணக்கும்தான் இருந்தன. அதை நீக்கியவர்கள் அந்த எண்ணைத் திருத்தி ஒரு அறிவிப்பாவது போட்டிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். இந்த நிமிஷம் வரை போடவில்லை.

அந்தப் புத்தகம் வீட்டில் வைத்திருப்பவர்கள் இப்போதே எடுங்கள். ஆலிவ் எண்ணெய் சோப்பு இருக்கும் பக்கத்தில் 183-ஐ அடித்துவிட்டு 128 என்று பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம், அழிந்துவிடும். பழைய கணக்குப்படி ஏற்கெனவே செய்து காய வைத்திருக்கிறவர்கள் அதைத் தோலில் போடாதீர்கள், யாருக்கும் பரிசாகவும் கொடுக்காதீர்கள். இரவல் கொடுத்திருந்தால் வாங்கிப்போனவருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.